மின்சாரம் நின்றாலும் தரை நனையக் கூடாது

நம் தோட்டப்புற வீடுகளிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் மீன் தொட்டி வைத்திருப்போர் பலர். வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, அஞ்சடியில் உட்கார்ந்து மீன்கள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடல் அசதி பாதி போய்விடும். பிள்ளைகளும் தொட்டியைச் சுற்றியே இருப்பார்கள்.

கொஞ்ச நாளானதும் ஆசை வளரும். தொட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி வைத்து, மேல் தண்ணீரைக் குழாய் வழியாகக் கீழே இறக்கி, பஞ்சிலும் கல்லிலும் வடியவிட்டு, பம்பு மூலம் மறுபடி மேலே ஏற்றினால் தண்ணீர் தெளிவாக இருக்குமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். கடையில் ஆயத்தமாக விற்பதை வாங்கப் பணம் அதிகம் வேண்டும். பிவிசி குழாயும் கைவேலையும் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால், குழாய் ஓடுகிறது என்பதற்காக வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பம்பு ஓடும்போது எல்லாக் குழாயும் ஒழுங்காகத்தான் இருக்கும். மின்சாரம் நின்று மறுபடி வரும்போதுதான் அதன் குணம் தெரியும். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஓர் இரவு நடந்தது

1998ஆம் ஆண்டு மழைக்காலம். அப்போது நாங்கள் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியை வீட்டுக்குள் வைத்திருந்தேன். கீழே 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் பெட்டி. அதில் பாதி அளவு தண்ணீர். இரண்டு வாரமாக ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

ஒருநாள் நள்ளிரவுக்குப் பிறகு இடி இடித்து மின்சாரம் நின்றது. நான் தூக்கத்தில் இருந்தேன். மின்சாரம் திரும்பியபோது பம்பு வெறுங்காற்றை இழுத்து உறுமும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். விளக்கைப் போட்டால் தரையெங்கும் தண்ணீர். பம்பின் ஒயரைச் செருகியிருந்த நீட்டுப் பலகை தரையிலேயே கிடக்கிறது. அதன் பாதி நனைந்திருக்கிறது. அந்தப் பக்கம் அம்மா, என்ன சத்தம் என்று பார்க்க வெறுங்காலோடு எழுந்து வருகிறார்.

“அம்மா, அங்கேயே நில்லுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டாரும் எழுந்துவிட்டார்கள். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பம்பு மட்டும் சூடேறிக் கெட்டுப்போயிற்று. ஆனால் அம்மா இன்னும் நான்கு அடி எடுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணி அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

எங்கே தவறு?

மறுநாள் பக்கத்து லயத்திலிருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். கொத்து வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொத்து வேலைக்காரர்கள் சுவருக்கு மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய மெல்லிய தெளிவான குழாய் ஒன்று வைத்திருப்பார்களல்லவா? அவர் அதை நினைவூட்டினார்.

“தம்பி, மட்டக்குழாயிலே ரெண்டு முனையிலேயும் தண்ணி ஒரே மட்டத்துலதான் நிக்கும். நடுவுலே குழாய் கீழே போனாலும் சரி, மேலே ஏறி இறங்கினாலும் சரி. உள்ளே காத்து இல்லாம இருந்தாப் போதும். உன் தொட்டியிலேயும் அதுதான் நடந்திருக்கு” என்றார்.

அவர் சொன்ன பிறகே விளங்கிற்று. பம்பிலிருந்து மேலே தண்ணீர் கொண்டுபோகும் ஏற்றுகுழாயின் முனையை, நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே விட்டிருந்தேன். பம்பு நின்றதும் அதே குழாய் திரும்பி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. டிரம்மிலிருந்து மண்ணெண்ணெயை ரப்பர் குழாய் போட்டு இறக்குவோமே, அதைப்போல மேல் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுத்துவிட்டது. முனை தண்ணீருக்கு வெளியே வரும்வரை நிற்கவேயில்லை.

கணக்குப் பாருங்கள். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்பது ஏறத்தாழ 4 லிட்டர். 15 செ.மீ. என்றால் 60 லிட்டர். கீழ்ப் பெட்டியின் முழுக் கொள்ளளவே 54 லிட்டர்தான். அதில் 27 லிட்டர் ஏற்கெனவே இருந்தது. மீதி 33 லிட்டர் தரைக்கு வந்தது. இது இரண்டு மண்ணெண்ணெய் டின்னுக்குச் சற்றுத்தான் குறைவு. கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அந்த இரவு வந்திருக்காது.

வடிகுழாய் செய்யும் முறை

கண்ணாடியில் துளை போடாமல், விளிம்பைத் தாண்டி வரும் குழாயையே இங்குச் சொல்கிறேன். 1 அங்குல பிவிசி குழாய், வளைவு இணைப்பு (எல்போ) 7, மூவழி இணைப்பு (டீ) 1, பிவிசி பசை, இரும்பறுக்கும் வாள் ஆகியவை போதும். எல்லா அளவுகளையும் தொட்டியின் மேல் விளிம்பிலிருந்தே கீழ்நோக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொட்டிக்கு உள்ளே நிற்கும் பகுதி. ஒரு குழாய் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதன் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். வாயைச் சுற்றிச் சீப்புப் பல்லைப்போல வெட்டுகள் போடுங்கள். மீனோ நத்தையோ உள்ளே போகாது. வெட்டுகளின் அடிப்பாகம் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே இருக்கட்டும். இந்தக் குழாய் விளிம்புக்கு 20 செ.மீ. கீழ்வரை இறங்கி, இரண்டு எல்போ மூலம் திரும்பி, மறுபடி மேலே ஏறி, விளிம்பைத் தாண்ட வேண்டும். அங்கே இன்னும் இரண்டு எல்போ.

அடுத்து வெளிப்பகுதி. விளிம்பைத் தாண்டிய குழாய் வெளியே 25 செ.மீ. வரை இறங்கி, மறுபடி இரண்டு எல்போ மூலம் திரும்பி மேலே ஏறும். அங்கே டீயைப் பொருத்துங்கள். டீயின் பக்கவாயின் அடி உதடு விளிம்புக்கு 10 செ.மீ. கீழே, அதாவது உள்வாயைவிட 5 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். பக்கவாயில் கடைசி எல்போவை மாட்டி, அங்கிருந்து குழாயைக் கீழ்ப் பெட்டிக்கு இறக்குங்கள். டீயின் மேல்வாயில் ஒரு துண்டுக் குழாய் வைத்து, தொட்டி விளிம்பைவிட 5 செ.மீ. உயரம்வரை கொண்டுபோய்த் திறந்தே விடுங்கள். இதுதான் மூச்சுக் குழாய். இதை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கீழே விழும் தண்ணீர் வளைவில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு குழாயில் காற்றுப் புகுந்து இழுப்பு நின்றுவிடும்.

ஏன் இத்தனை வளைவு? இங்கேதான் பெரியவரின் மட்டக்குழாய் வருகிறது. பம்பு நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் உள்வாய் மட்டம்வரை இறங்கி நின்றுவிடும். ஆனால் உள்ளேயும் வெளியேயும் உள்ள இரண்டு வளைவுகளிலும் தண்ணீர் தங்கியிருப்பதால் காற்றுக்கு வழியில்லை. பம்பு மறுபடி ஓடி, தண்ணீர் உள்வாயைத் தாண்டியதும் குழாய் தானாகவே இழுக்கத் தொடங்கும். வளைவில்லாத நேர்க்குழாய் போட்டால் ஒவ்வொரு தடவை மின்சாரம் நிற்கும்போதும் நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

மேல் வளைவின் இணைப்புகளைப் பசை போட்டு நன்றாக ஒட்டுங்கள். அங்கே ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் காற்றுப் புகும். டீக்குக் கீழே உள்ளவற்றை இறுக்கிச் செருகினால் போதும். கழற்றிக் கழுவ வசதியாக இருக்கும். பசை ஒரு நாள் முழுவதும் காய்ந்த பிறகு குழாயை நன்றாக அலசிவிட்டுத்தான் தொட்டியில் வைக்க வேண்டும்.

முதல் தடவை குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற, மேல் வளைவின் உச்சியில் சிறு துளையிட்டு, காற்றுப் பம்புக்குப் போடும் மெல்லிய குழாயை ஒட்டி, முனையில் சின்ன அடைப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். மேல் தொட்டியை உள்வாய் மூழ்கும்வரை நிரப்பிவிட்டு, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி வெளி வளைவையும் நிரப்புங்கள். பிறகு மருந்துக் கடையில் விற்கும் பெரிய ஊசிக்குழலால் காற்றை இழுங்கள். ஒவ்வொரு தடவை இழுத்ததும் அடைப்பானை மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீர் வந்ததும் நிறுத்திவிடலாம். வாயால் உறிஞ்ச வேண்டாம்.

பம்பும் ஏற்றுகுழாயும்

மேலே சொன்ன அளவுக் குழாய்க்கு மணிக்கு 500 லிட்டர் ஏற்றினால் போதும். பம்புப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். உயரம் கூடக்கூடப் பம்பு தள்ளும் தண்ணீர் குறையும். ஏற்றுகுழாயைத் தொட்டியின் உயரத்தில் பிடித்து, 10 லிட்டர் வாளியை நிரப்பிப் பாருங்கள். 72 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 500 லிட்டர். அதைவிட வேகமாக நிரம்பினால் ஏற்றுகுழாயில் ஓர் அடைப்பான் போட்டுக் குறையுங்கள். வடிகுழாயில் அடைப்பான் போடவே கூடாது. தண்ணீர் இறங்கும் வழி எப்போதும் முழுமையாகத் திறந்திருக்க வேண்டும்.

ஏற்றுகுழாயில், மேல் தொட்டி நீர்மட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. கீழே சிறு துளை ஒன்று போடுங்கள். மின்சாரம் நின்று தண்ணீர் அந்தத் துளைவரை இறங்கியதும் காற்றுப் புகுந்து இழுப்பு அறுந்துவிடும். அப்படியானால் திரும்பி வருவது 2 செ.மீ. உயரத் தண்ணீரும் குழாயில் உள்ளதும் சேர்ந்து 9 லிட்டர் அளவே. கீழ்ப் பெட்டியில் இது 5 செ.மீ. உயரும். 15 செ.மீ. இருந்தது 20 ஆகும். பெட்டியோ 30 செ.மீ. உயரம்.

ஒருவழி அடைப்பான் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் நாக்கில் ஒரு சிறு பாசித் துணுக்கு சிக்கினாலும் அது முழுதாக மூடாது. துளையை நம்புங்கள். அதிலும் பாசி பிடிக்கும். வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள்.

இரண்டாவது கோளாறு

ஏற்றுகுழாயைச் சரிசெய்து 3 வாரம் கழித்து மறுபடி தரை நனைந்தது. இம்முறை மின்சாரம் நிற்கவில்லை. மேல் தொட்டியே வழிந்திருந்தது!

காரணத்தைத் தேடினேன். குமிழி விடும் காற்றுக்கல்லை வடிகுழாய் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். குமிழிகள் சிறிது சிறிதாக உள்ளே போய் மேல் வளைவில் தேங்கி, கடைசியில் இழுப்பையே நிறுத்திவிட்டன. தண்ணீர் இறங்கவில்லை. பம்போ ஏற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியின் அடியிலேயே பம்பை வைத்திருந்ததால் 10 செ.மீ. உயரத் தண்ணீரை, அதாவது 18 லிட்டரை அது மேலே அனுப்பிவிட்டது. மேல் தொட்டியில் மீதமிருந்த இடத்தில் 14 லிட்டர்தான் அடங்கும். மற்றது வழிந்துவிட்டது.

இதற்குப் பரிகாரம் எளிது. காற்றுக்கல்லைத் தொட்டியின் மறுகோடிக்கு மாற்றினேன். பம்பை 5 செ.மீ. உயரமுள்ள கல் ஒன்றின்மேல் வைத்தேன். இப்போது வடிகுழாய் நின்றே போனாலும் பம்பு 9 லிட்டருக்குமேல் ஏற்ற முடியாது. மேல் தொட்டி இரண்டேகால் செ.மீ. அளவு உயரும். எனக்கு மூன்றரை செ.மீ. இடம் இருக்கிறது. பம்பு காற்றை இழுத்துக் கெடலாம். பம்பு போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

சத்தமும் பிற தொல்லைகளும்

கீழ்ப் பெட்டியில் களகளவென்று சத்தம் வந்தால், இறங்கும் குழாயின் முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதிக ஆழத்தில் இருந்தால் காற்று வெளியேற முடியாமல் ஏப்பம் விடுவதுபோல் வரும். முனையைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் 2 செ.மீ. மட்டும் இருக்கும்படி வையுங்கள்.

மேல் தொட்டி நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, இடையிடையே உறிஞ்சும் ஒலி கேட்டால் மூச்சுக் குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். பல்லியோ சிலந்தி வலையோ கூடக் காரணமாக இருக்கலாம்.

நீர்மட்டம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உயர்ந்தால் வெட்டுகளில் பாசியோ இலையோ அடைத்திருக்கும். அல்லது மேல் வளைவில் காற்றுச் சேர்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க, ஊசிக்குழலால் உச்சிக் குழாயை இழுத்துப் பாருங்கள். உடனே தண்ணீர் வந்தால் நலம். முதலில் காற்று வந்தால், அடுத்த நாளும் இழுத்துப் பாருங்கள். மறுபடி காற்றே வந்தால் எங்கோ இணைப்பு கசிகிறது.

கீழ்ப் பெட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே போவது கோளாறன்று. ஆவியாகும் தண்ணீரின் குறைவு முழுவதும் அங்கேதான் தெரியும். பெட்டியில் 15 செ.மீ. உயரத்தில் கோடு போட்டு, பம்பு ஓடும்போது அந்தக் கோடுவரை மட்டும் நிரப்புங்கள். பம்பு நின்றிருக்கும்போது நிரப்புகிறவர்கள்தாம் பிறகு தரையைத் துடைக்கிறார்கள். ஊற்றும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆதலால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தை முதலில் கலந்துகொள்ளுங்கள்.

மூன்று சோதனைகள்

மீனை விடுவதற்கு முன், முடிந்தால் வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் இவற்றைச் செய்து பாருங்கள்.

ஒன்று: பம்பை அணைத்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். கீழ்ப் பெட்டி எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று கோடு போடுங்கள். அதற்குமேல் குறைந்தது 5 செ.மீ. இடம் மீதமிருக்க வேண்டும்.

இரண்டு: பம்பை மறுபடி போடுங்கள். கை வைக்காமலே வடிகுழாய் இழுக்க வேண்டும். இப்படி ஐந்து தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒரு தடவை தவறினாலும் மேலும் சரிசெய்ய வேண்டும்.

மூன்று: உள்வாயைத் துணியால் அடைத்துவிட்டு, பம்பு காற்றை இழுக்கும்வரை ஓடவிடுங்கள். மேல் தொட்டி வழியக் கூடாது. காற்று இழுக்கும் சத்தம் கேட்டதும் பம்பை அணைத்துவிடுங்கள்.

உயிருக்குப் பாதுகாப்பு

நீட்டுப் பலகையைத் தரையில் போடாதீர்கள். செருகுமிடம் கீழ்ப் பெட்டியைவிட உயரத்தில் சுவரில் இருக்கட்டும். ஒயர் நேராகச் செருகுமிடத்துக்குப் போகாமல், கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். தொட்டிக்குள் கை வைக்கும் முன் ஒயரைக் கழற்றிவிடுங்கள். வீட்டு மின்பெட்டியில் மின்கசிவு கண்டால் தானே நிற்கும் இஎல்சிபி இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மின்சாரம் நிற்காவிட்டால் மின்பணியாளரை அழைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

தொட்டியின் பாரத்தையும் மறக்க வேண்டாம். நான் சொன்ன தொட்டி விளிம்புவரை 182 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 180 கிலோ அளவு. சாப்பாட்டு மேசை இதைத் தாங்காது. பலகைத் தரையுள்ள வீடானால் இன்னும் கவனம் தேவை.

கொசுவும் உண்டு. பம்பு கெட்டு, கீழ்ப் பெட்டித் தண்ணீர் ஒரு வாரம் அசையாமல் நின்றால் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு வளரவிடுவது குற்றம். பெட்டிக்கு வலைமூடி போடுங்கள். இரண்டு மூன்று கப்பி மீன்களையும் அதில் விட்டுவைக்கலாம். புழுக்களை அவை தின்றுவிடும். பம்பின் வாய்க்குப் பஞ்சு சுற்ற மறந்தால் மீன்கள் உள்ளே இழுபட்டுவிடும்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கினாலும் மீன்களை ஒரே நாளில் நிறைய விட வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சிலும் கல்லிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீன்கள் போதும்.

இன்று நாங்கள் பட்டணத்தில் இருக்கிறோம். தொட்டியும் கூடவே வந்துவிட்டது. மாதம் ஒருமுறை, எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, நானே பம்பை அணைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். தண்ணீர் பழைய கோட்டில் வந்து நிற்கிறதா, மறுபடி போட்டதும் தானாக இழுக்கிறதா என்று பிள்ளைகள்தாம் பார்த்துச் சொல்கிறார்கள். நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் தொட்டியின் பம்பை ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.